நெகட்டிவ் இல்லாத கேமரா

சிக்கந்தர்.

சொல்லிவிட்டேன். ஏழு வருஷம் கூட வாழ்ந்தும் அந்தப் பெயரை ஒரு தடவைகூட என் வாயால் சொன்னதில்லை. எங்கள் கடற்கரை ஊர்களில் பெண்கள் மாப்பிள்ளை பெயரைச் சொல்ல மாட்டோம், "மச்சான்" என்பதோடு சரி. துபாய் ஆஸ்பத்திரியில் கணவர் பெயர் கேட்டபோதுகூட பாஸ்போர்ட்டைத் திறந்து விரலால் தொட்டுக் காட்டினேன் (அந்த நர்ஸ் என்னை ஊமை என்று நினைத்து அப்புறம் எல்லாவற்றையும் சைகையிலேயே கேட்டாள்). இப்போது தைரியமாகக் கூப்பிடுகிறேன். என்ன புள்ள, பேரெல்லாம் சொல்ற என்று திரும்பிப் பார்க்க நீங்கள்தான் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் உங்கள் மானத்தையும் வாங்கப் போகிறேன். கவலைப்படாதீர்கள், என் மானமும் கூடவேதான் போகும்.

நான் ஏழாவது வரை படித்தவள். முடித்தேன் என்று சொல்லவில்லை, கவனித்துக்கொள்ளுங்கள். பத்தொன்பது வயதில் துபாயில் சத்வா என்கிற பகுதிக்கு வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், பாஸ்போர்ட்டில் என் பெயர். தெரிந்த அரபி, ஓதுகிற அரபி மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு கடையில் தக்காளி வாங்க முடியாது.

மச்சானுக்கு சத்வாவில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை. காலை முதல் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருகிறவர்களிடம் "காதைக் காட்டு, சிரிக்காதே, அசையாதே" என்று சொல்வதுதான் டூட்டி. ஸ்டுடியோவுக்குப் பெரிய வருமானம் அதில் இல்லை. அரபி வீட்டு விசேஷங்களில் இருந்தது. ஆனால் அங்கே பெண்கள் இருக்கிற பக்கம் ஆம்பளை நிழல்கூட விழக் கூடாது. படம் எடுக்க ஒரு பொம்பளை வேண்டும். முதலாளி மச்சானைப் பார்த்தார், மச்சான் என்னைப் பார்த்தார். இப்படித்தான் நான் போட்டோகிராபர் ஆனேன். திறமையால் இல்லை, பொம்பளையாகப் பிறந்ததால்.

பழைய பிலிம் கேமராவை ஒரு மாதம் ரூமில் வைத்துப் பழகினேன். சட்டி, துடைப்பம், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கத்து பார்ட்டிஷன் பூனை எல்லாவற்றையும் எடுத்தேன். அப்புறம் கை தானாகப் பழகிவிட்டது. ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். அதை தஸ்பீஹ் மணி உருட்டுகிற மாதிரி மனதுக்குள் எண்ணிக்கொண்டே எடுப்பேன், ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

அந்த விசேஷங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. முடிந்ததும் எடுத்த ரோல்களை எண்ணி அந்த வீட்டம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். மறுநாள் அவர்களே ஸ்டுடியோவுக்கு எடுத்து வருவார்கள். திரைக்குப் பின்னால் ஒரு பிலிப்பினோ பெண் மட்டும் இருந்து கழுவி பிரிண்ட் போடுவாள். படம், நெகட்டிவ் எல்லாம் அவர்கள் கைப்பைக்குள் போய்விடும். நெகட்டிவ் கையில் இருக்கிற வரைக்கும் வேறு எவனும் காப்பி போட முடியாது, வீட்டுப் பெண்களின் முகம் வெளியே போகாது. அந்த நம்பிக்கையில்தான் எங்களை உள்ளே விடுவார்கள்.

அதனால் நான் எடுத்த ஒரு படத்தைக்கூட மச்சான் பார்த்ததில்லை. போட்டோகிராபர் பொண்டாட்டி எடுத்த படத்தை போட்டோகிராபர் பார்க்க முடியாது. "எப்புடி புள்ள வந்திக்கி?" என்று ஆசையாகக் கேட்பார். "அருமையா வந்திக்கி மச்சான்" என்பேன். (எனக்கு எப்படித் தெரியும்? நானும்தான் பார்த்ததில்லை.)

இந்த நேரத்தில்தான் டிஜிட்டல் என்கிற பேய் சத்வாவுக்குள் வந்தது. மச்சானை முதல் நாளே பிடித்துவிட்டது. சாப்பிடும்போது டிஜிட்டல், தூங்கும்போது டிஜிட்டல். எனக்கு சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"முப்பத்தாறு முடிஞ்சதும் நீ குனிஞ்சு ரோல் மாத்துற. அந்த நேரம் பார்த்து மணப்பொண்ணு அழுவுது. போச்சா இல்லையா?"

"அது மறுபடி அழுவும் மச்சான். கல்யாணப் பொண்ணுதானே."

"இதுல பிலிமே வேணாம் புள்ள."

"பிலிம் இல்லாம படம் எங்கன போய் ஒட்டும்?"

அவருக்கு அதைப் புரியவைக்கத் தெரியவில்லை. தலையில் அடித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை முதலாளி ஒரு புது டிஜிட்டல் கேமராவை மச்சான் கையில் கொடுத்தார். விற்கிற கம்பெனி பார்க்கச் சொல்லிக் கொடுத்தது. வெள்ளிக்கிழமை ஒரு விசேஷத்தில் உன் பீவியே எடுத்துப் பார்க்கட்டும், அவள் நல்லது என்று சொன்னால் வாங்குவோம், இல்லையென்றால் சனிக்கிழமை ஒன்பது மணிக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றார். ஆக, முடிவு என் கையில். (ஏழாவது முடிக்காதவள் கையில்.) கடைசியாக இன்னொன்றும் சொன்னார். கேமராவுக்கு ஏதாவது ஆனால் மச்சான் விசா கலாஸ், இரண்டு பேரும் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன், வேண்டாம் என்று. எடுப்பது சும்மா பேருக்கு.

வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து, ஷார்ஜாவில் முவைலா தாண்டி ஒரு பெரிய வில்லாவில் மருதாணி விசேஷம். கடும் வெயில் மாதம். ஸ்டுடியோவின் பழைய காரில் ஏசி, காற்று வரும் ஆனால் சூடாக வரும். போகிற வழியில் மச்சான் எனக்கு மூன்று பாடம் எடுத்தார். இது ஆன் பண்ண. இது படம் பிடிக்க. எடுத்த படம் பின்னாடி கண்ணாடியில் தெரியும், பிடிக்கவில்லையென்றால் இந்தக் குப்பைத்தொட்டி படம் போட்ட பட்டனை இரண்டு தடவை அமுக்கினால் அழிந்துவிடும். அவ்வளவுதான், நீ கிங் என்றார்.

மூன்று பாடம் சொன்ன மனுஷன் நாலாவது ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டார். அந்த நாலாவதில்தான் எங்கள் விசா இருந்தது.

கேமரா போன் புதிதாக வந்த காலம் அது. வாசலிலேயே ஒரு கூடை வைத்து எல்லாப் பெண்களின் மொபைலையும் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். என்னுடையது டார்ச் அடிக்க மட்டும் லாயக்கான போன், அதையும் போட்டார்கள். மச்சான் வெளியே காரில். நான் உள்ளே. நடுவில் ஒரு கதவும் ஐம்பது அரபிப் பெண்களும்.

அந்த வீட்டில் வேலை பார்த்த ஃபரீதா ராத்தா இலங்கைக்காரி. தமிழும் அரபியும் தண்ணீர் மாதிரி பேசுவாள். என்னைப் பார்த்ததும், "வாங்க தங்கச்சி, வெயிலுக்கு முகமெல்லாம் செவந்து ஈக்குது" என்று ஜூஸ் கொடுத்தாள். அவள் மட்டும் இல்லையென்றால் நான் இன்னும் அந்த வீட்டில்தான் இருந்திருப்பேன்.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. மணப்பெண் கையில் மருதாணி, தங்கம், பூ. நான் பழக்கத்தில் முப்பத்தாறு எண்ணி முடித்துக் குனிந்தேன், மாற்ற ரோல் இல்லை. எண்ணிக்கொண்டே போனேன். நூறு தாண்டியதும் எண்ணிக்கை மறந்து, எனக்கு ஒரு தலைக்கனம் வந்தது. அந்தத் தலைக்கனத்தில் மணப்பெண்ணின் மாமியிடம் பின்பக்கக் கண்ணாடியைத் திருப்பி, அவர் படத்தைக் காட்டித் தொலைத்தேன்.

மாமி பார்த்தார். தன் தாடையைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். படத்தில் தாடை இரண்டு இருந்தது. ஃபரீதா ராத்தாவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார்.

"இத அழிக்கட்டாமே தங்கச்சி."

குப்பைத்தொட்டி பட்டனை இரண்டு தடவை அமுக்கினேன். படம் போய்விட்டது. மாமி என் கன்னத்தில் முத்தம் கொடுத்தார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. விஷயம் பரவி, வீட்டில் இருந்த அத்தனை பேரும் வரிசையில் வந்துவிட்டார்கள். ரேஷன் கடை மாதிரி. ஒருத்திக்கு மூக்கு பெரிதாக இருக்கிறது, அழி. ஒருத்திக்குக் கண் மூடியிருக்கிறது, அழி. ஒரு கிழவிக்குத் தன் படம் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது, பக்கத்தில் நிற்கிற தன் நாத்தனாரை மட்டும் அழிக்கச் சொன்னார். அது முடியாது என்று புரியவைக்க ஃபரீதா ராத்தா பத்து நிமிஷம் பேசினாள். மணப்பெண் தன் படங்களை எல்லாம் அழிக்கச் சொல்லிவிட்டு, முகம் கழுவி, மேக்கப்பை முதலிலிருந்து போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அசர் தொழுகைக்கு முடிய வேண்டிய விசேஷம் பொழுது சாயும் மஃரிபைத் தொடப் போனது. முந்நூறுக்கு மேல் எடுத்திருப்பேன், கடைசியில் மிஞ்சியது அறுபதோ எழுபதோ. ஆனால் அந்த அறுபதிலும் எல்லாரும் ராணிகள்.

நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கிளம்பத் தயாரானேன். அப்போதுதான் மணப்பெண்ணின் தாயார் வந்தார். உயரமான, அதிகம் பேசாத அம்மா. சட்டப்படி என் முன்னால் உள்ளங்கையை விரித்தார்.

"பிலிம்?"

எனக்குத் தெரிந்த வேலைக்கார அரபி மொத்தம் ஆறு சொல். அதில் இருந்து சிறந்ததை எடுத்துப் போட்டேன்.

"பிலிம் மாஃபி."

மாஃபி என்றால் இல்லை. தட்டிக்கொண்டிருந்த தஃப் மேளம் நின்றது. யாரோ கையிலிருந்து ஈச்சம்பழக் கொட்டை தட்டில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. நெகட்டிவ் என்றார். அதுவும் மாஃபி என்றேன். ஃபரீதா ராத்தா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அப்ப படமெல்லாம் எங்க ஈக்குது?"

"உள்ள இக்கி ராத்தா. கேமராவுக்குள்ள."

"எடுத்துக் குடுங்களேன்."

"எப்படி எடுக்கிறதுண்டு தெரியாது."

அவள் என்னைப் பார்த்த பார்வை, என் ஏழாம் வகுப்பு டீச்சர் பார்த்த அதே பார்வை. போய் அந்த அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள். அந்த அம்மா கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குப் பயம். என் கழுத்திலிருந்து கேமராவைப் பூவைப் போல எடுத்தார். உள்ளறை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியைத் தன் உடைக்குள் போட்டுக்கொண்டார்.

"கேமராவே இங்க ஈக்கட்டுமாம் தங்கச்சி. வூட்டுப் பொம்பளைங்கட முகம் வெளிய போகாதாம். நீங்க போகலாமாம்."

நான் போகலாம். கேமரா போகாது. நாளை ஒன்பது மணிக்குக் கேமரா கடையில் இல்லையென்றால் மச்சான் துபாயில் இல்லை. அந்த சோபாவில் உட்கார்ந்து அவர்கள் கொடுத்த ஹரீஸ் கஞ்சித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். (அழுதுகொண்டே முழுவதும் சாப்பிட்டேன். மறைப்பானேன், நெய் விட்டிருந்தார்கள்.)

ஃபரீதா ராத்தா மச்சானிடம் கேட்டு வருவதாக வெளியே போனாள். போன வேகத்தில் வந்தாள். "கண்ணாடியத் தட்டினேன், எழும்பல்ல. ஒங்கட மாப்புள மௌத்தாப்போன மாதிரி தூங்குறாரு" என்றாள். அன்றைக்கு அதற்குச் சிரித்தேன். இப்போது மௌத்து என்கிற அந்தச் சாவுச் சொல்லைத் தாண்டி எழுதக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

நானே போனேன். கார் கதவு நாலும் திறந்து கிடந்தது. தலையில் ஈரத் துண்டு, வாய் ஆவென்று. இரண்டு கையாலும் உலுக்கினேன்.

"முடிஞ்சுட்டா புள்ள?"

"எல்லாம் முடிஞ்சுட்டு. நம்ம கதையும் முடிஞ்சுட்டு. கேமராவ பீரோல வச்சுப் பூட்டிட்டாக."

நடந்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் தூக்கம் போனது, அதற்குப் பின்னாலேயே ரத்தமும் போனது.

"அதுல சைடுல ஒரு சின்னக் கதவு இக்கிமே. அதத் தொறந்தா கார்டு. தீப்பெட்டி அளவுதான். படமெல்லாம் அதுக்குள்ள. நான் சொல்லலையா?"

"சொல்லல."

"சொன்னேனே?"

"மச்சான், சொல்லல."

அவர் தலையிலிருந்த ஈரத் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து இன்னொரு கார்டை எடுத்துக் கொடுத்தார். கேமராவோடு வந்த சின்னக் கார்டு, நாலைந்து படம்தான் பிடிக்குமாம். "கதவ இழுத்தா தொறக்கும், பொத்தான அமுக்குனா இதே மாதிரி கார்டு வெளிய வரும். இத கையில வச்சுக்க. உள்ள போனதும் பெரிய கார்ட அவுககிட்ட குடுத்துட்டு கேமராவ வாங்கிட்டு வா. நான் உள்ள வர முடியாது புள்ள. நீதான் பேசணும்" என்றார்.

நீதான் பேசணும். ஆறு சொல் அரபிக்காரியிடம்.

நான் திரும்பிப் போனதும் அந்த அம்மா பீரோவைத் திறந்தார். நான் சின்னக் கதவைத் திறந்து கார்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். இத்தனை மணி நேரம் எடுத்த படம் இந்த ஓட்டுக்குள்ளேயா என்று ஃபரீதா ராத்தா மூலமாகக் கேட்டார். ஏதோ ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கொடுத்து ஏமாற்றிவிட்டு நிஜப் படத்தைக் கேமராவுக்குள் கொண்டு போகப் பார்க்கிறேன் என்று நினைத்தார். அவர் நினைத்ததில் தப்பே இல்லை. முன்னால் நானும் மச்சானிடம் அதைத்தானே கேட்டேன், பிலிம் இல்லாமல் படம் எங்கே ஒட்டும் என்று.

அதனால்தான் அவருக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. புத்தகம் படித்த மச்சானுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கார்டை அவர் கையிலேயே விட்டுவிட்டு கேமராவை ஆன் பண்ணிக் கண்ணாடியைக் காட்டினேன். வெறும் கறுப்பு. பட்டனை அமுக்கினேன். வேலை செய்யவில்லை. அவர் விரலையே பிடித்து அமுக்கவைத்தேன். ஒன்றுமில்லை. கார்டை வாங்கி உள்ளே போட்டேன், மணப்பெண் சிரித்துக்கொண்டு வந்தாள். எடுத்தேன், கறுப்பு. போட்டேன், மணப்பெண். கூட்டம் சுற்றி நின்றுவிட்டது. மூன்றாவது தடவை அந்த அம்மாவே கார்டை எடுத்தார், போட்டார், எடுத்தார். குழந்தைக்கு விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி. அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

நான் ஃபரீதா ராத்தாவிடம், நான் சொல்வதை ஒரு சொல்லும் விடாமல் சொல்லுங்கள் என்றேன்.

"ரோலு குடுத்தப்ப அதுக்குள்ள என்ன இக்கிண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு ரோல நான் இடுப்புல ஒளிச்சுட்டுப் போயிருந்தா உங்களுக்கு எப்புடித் தெரியும்? இன்னைக்கி ஒவ்வொரு மொகத்தையும் அவுகவுக பாத்தாச்சு. வேணாண்டத உங்க வூட்டுக்குள்ளயே அழிச்சாச்சு. மிச்சம் உங்க கையில இக்கி. நான் வெறுங்கையோட போறேன்."

அவள் அரபியில் சொன்னாள். எனக்குப் புரியவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த ஐம்பது பேரும் தலையாட்டினார்கள். இரண்டு தாடை மாமி ரொம்ப பலமாக ஆட்டினார்.

அந்த அம்மா கார்டைத் தன் கைப்பையில் போட்டார். கேமராவைத் தானே என் கழுத்தில் மாட்டினார். என் தலையைத் தொட்டு ஏதோ சொன்னார்.

"அடுத்த மாசம் தங்கச்சிர மகளுக்குக் கல்யாணமாம். இந்தக் கேமராவோட நீங்கதான் வரணுமாம். பழசக் கொண்டு வர வேணாமாம்."

தொடும் முன்பே வேண்டாம் என்று முடிவு செய்த கேமராவை நான் மாலை போல மார்பில் போட்டுக்கொண்டு அந்த வீட்டு வாசலைத் தாண்டினேன். ஊரைப் பிடித்த ராஜா நடந்திருப்பார் அப்படி. நேராகக் காருக்குப் போய் மச்சானிடம் சொல்ல வேண்டும்.

மச்சான் மறுபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

பொண்டாட்டி உள்ளே விசாவுக்குப் போராடுகிறாள், இவர் வாயை ஆவென்று வைத்துக்கொண்டு, துண்டு ஒரு பக்கம் சரிந்து, மீசையில் தண்ணீர் சொட்ட. மஃரிபுக்கு முந்தின மஞ்சள் வெளிச்சம் கண்ணாடி வழியாக அவர் முகத்தில் விழுந்திருந்தது. நான் சின்னக் கார்டைப் போட்டேன், கதவை மூடினேன், எடுத்தேன்.

அந்தச் சத்தத்துக்கு மட்டும் எழுந்துவிட்டார். (உலுக்கினால் எழாத மனுஷன்.) கேமரா என் கையில் இருப்பதைப் பார்த்தார், அல்ஹம்துலில்லாஹ் என்றார். அப்புறம் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் எடுத்த ஒரு படத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"ஃபோகஸ் அருமையா இக்கி புள்ள" என்றார். "நீ இப்புடியா எடுக்குற?"

"இப்புடித்தான் மச்சான் எடுக்குறேன்."

"சரி, இத அழிச்சுடு."

"மாட்டேன்."

அன்றைக்கு அத்தனை பேர் கேட்டதும் அழித்துக் கொடுத்தவள், அவருக்கு மட்டும் அழிக்கவில்லை. அவர் கெஞ்சிய கெஞ்சலுக்கு கார் மூன்று சிக்னல் தாண்டியது.

சனிக்கிழமை முதலாளி அந்தக் கேமராவை வாங்கினார். மச்சான் தூங்குகிற படத்தை நான் பிரிண்ட் போட்டு வைத்துக்கொண்டேன். காட்டி அழித்துத் தருகிற மதராஸிப் பெண் வேண்டும் என்று கேட்டு ஷார்ஜாவிலிருந்து அஜ்மான் வரைக்கும் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை என்றால் எனக்கு மூச்சு விட நேரமில்லை. மச்சான் வெளியே காரில் காத்திருப்பார், தூங்குவார். ரூமில் யாராவது தன் படம் நன்றாக இல்லை என்று முணுமுணுத்தால், "எம்பட மாதிரி வந்திக்கா? இல்லல்ல? பேசாம இரு" என்று அவரே அந்தப் படத்தை எடுத்துக் காட்டுவார். ஊருக்கு லீவில் போனால் அங்கேயும் இந்தக் கதைதான். குடும்பத்தில் யார் எதை மறந்தாலும், "சின்னக் கதவ சொல்லாம விட்டுட்டியா?" என்பார்கள். இன்றைக்கும் கேட்கிறார்கள்.

போன வருஷம் முப்பத்திரண்டு வயதில் மச்சான் போய்விட்டார். ஸ்டுடியோவில், யாருக்கோ காதைக் காட்டச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். கணவரை இழந்தவளாக ஊரில் வீட்டுக்குள் இத்தா இருந்தபோது என் மாமியார், மகன் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்டார். தேடினேன். சத்வாவுக்கே படம் எடுத்தவருக்கு பாஸ்போர்ட் போட்டோவைத் தவிர வேறு படம் இல்லை. எப்போதும் கேமராவுக்குப் பின்னாலேயே நின்றவர். இருந்தது அந்தத் தூங்குகிற படம் ஒன்றுதான். தயங்கிக்கொண்டே கொடுத்தேன்.

மாமி பார்த்தார். அழுதுகொண்டே சிரித்தார். "சின்னப் புள்ளையிலயும் இப்புடித்தான் வாயப் பொளந்துக்கிட்டு தூங்குவான்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் வாங்கிப் பார்த்தார்கள். மையத்து வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வாசலில் இருந்த ஆண்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்களாம்.

சிக்கந்தர், அழிக்கச் சொன்னீங்க, அழிக்கவில்லை. என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கிற நீங்கள் சிரித்திருந்தால் எனக்கு சந்தோஷம்தான், அவருக்கும் அது பிடிக்கும். கூடவே ஒன்று செய்யுங்கள். ஏசி குளிராத காரில், அந்த வெயிலில், வாராவாரம் எனக்காகக் காத்துக் கிடந்த மனுஷன் அவர். அவர் அடங்கியிருக்கிற கப்ரைக் குளிர்ச்சியாகவும் வெளிச்சமாகவும் ஆக்கி வைக்கச் சொல்லி நம்மைப் படைத்தவனிடம் எல்லாரும் ஒரு துஆ கேளுங்கள்.